இலத்திரனியல் சாமான்களைத் துடைக்க எந்தக் கரைப்பான்? பெற்றோல் முதல் ஐபிஏ வரை ஓர் ஒப்பீடு

திருத்தக் கடை மேசையில் இருக்கும் அந்தச் சின்னப் போத்தலுக்குள் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் ஒரு சாமான் திருந்துவதும் கெடுவதும். வன்னியில் பல கடைகளில் அதற்குள் பெற்றோல் இருக்கும், இல்லாவிட்டால் பெயின்ற் தின்னர். போரில் பற்றரிக்கே தடை இருந்த காலத்தைக் கடந்து வந்த மண் இது. கைக்குக் கிடைத்ததை வைத்து வேலையை முடிப்பது அன்று தேவையாக இருந்தது. இன்று ஐசோபுரோப்பைல் அல்கஹோல், அதாவது எல்லோரும் ஐபிஏ என்று கேட்டு வாங்கும் பொருள், போன் உதிரிப்பாகக் கடைகளில் கிடைக்கிறது. அது இருக்கும்போது போட்டை, அதாவது சாமானுக்குள் இருக்கும் மின்சுற்றுப் பலகையை, பெற்றோலில் கழுவுவதற்கு ஒரு நியாயமும் இல்லை. ஆனால் ஐபிஏ எல்லாவற்றுக்கும் மருந்தும் அல்ல. அது தோற்கும் இடங்களில்தான் ஆட்கள் பொறுமை இழந்து தின்னரை எடுக்கிறார்கள். அந்த இடங்களுக்கும் பாதுகாப்பான வழிகள் இருக்கின்றன.

முதலில் அழுக்கு, பிறகு பிளாஸ்ரிக்

கரைப்பானைத் தெரிவதற்கு முன்னர் இரண்டு விடயங்களைப் பார்க்க வேண்டும். ஒட்டியிருப்பது என்ன, அது எதன்மேல் ஒட்டியிருக்கிறது.

அழுக்கை மூன்று வகையாகப் பார்த்தால் போதும். முதலாவது உப்பு வகை. கடற்காற்று கொண்டுவந்த உப்பு, வியர்வை, பற்றரி கசிந்து பூத்த தூள், பல்லி எச்சம், கிணற்றுத் தண்ணீர் காய்ந்த வெள்ளைத் தடம் எல்லாம் இதில் அடங்கும். இவற்றைத் தண்ணீர்தான் எடுக்கும். இரண்டாவது, பிசினும் எண்ணெய்ப் படலமும். ஈயம் பிடிக்கும்போது மிஞ்சும் பிளக்ஸ் என்ற பிசின், விரல் எண்ணெய், அடுப்படிப் புகைப் படிவு போன்றவை. இவற்றுக்கு அல்கஹோல். மூன்றாவது, ஸ்ரிக்கர், ரேப், இரட்டைப் பக்க ஒட்டி விட்டுப்போன பசை. இதற்குப் பெற்றோலிய வகைக் கரைப்பான் அல்லது சாதாரண எண்ணெய்.

இந்தப் பிரிப்பைக் கவனிக்காமல் விட்டால் என்ன நடக்கும் என்பதற்கு முல்லைத்தீவுக் கரையோரப் படகுகளில் இருக்கும் ஜிபிஎஸ் கருவிகள் நல்ல உதாரணம். உள்ளே கடல்நீர் போன கருவியைத் திறந்து 99 வீத ஐபிஏ ஊற்றிக் கழுவுகிறார்கள். தண்ணீர் போய்விடும், போட் பளிச்சென்று தெரியும், கருவியும் உயிர்பெறும். உப்பு மட்டும் போகாது, ஏனென்றால் உப்பு ஐபிஏயில் கரைவதில்லை. மாரிக் காற்றின் ஈரத்தை அந்த உப்பு உறிஞ்சத் தொடங்கியதும் செப்புத் தடங்கள் பச்சை பூத்து அறுந்துபோகும். அப்போது குறை கருவியின் மேல் போடப்படுகிறது. உண்மையில் குறை, தண்ணீரால் கழுவவேண்டிய அழுக்கை அல்கஹோலால் கழுவியதில் இருக்கிறது.

அடுத்தது எதன்மேல் என்ற கேள்வி. ரீவிச் சட்டம், றிமோட், இன்வேட்டர் மூடி போன்றவை பெரும்பாலும் ஏபிஎஸ் அல்லது பொலிஸ்ரைரீன் வகைப் பிளாஸ்ரிக். மீற்றர் முகப்பும் றிமோட்டின் முன் கண்ணாடியும் அக்ரிலிக் என்ற கண்ணாடி போன்ற பிளாஸ்ரிக்காக இருக்கலாம். மூடியின் உட்புறத்தைப் பார்த்தால் பிளாஸ்ரிக் வகையின் பெயர் சிறிய எழுத்தில் அச்சாகியிருக்கும். அது இல்லாவிட்டால் பற்றரி மூடியின் உட்பக்கத்தில் ஒரு துளி விட்டு, ஒரு நிமிடம் பொறுத்து, பஞ்சுக் குச்சியால் அழுத்திப் பாருங்கள். பஞ்சு நூல் ஒட்டினால், மினுக்கம் மங்கினால், நிறம் பஞ்சில் இறங்கினால் அந்தத் திரவத்தை அந்தச் சாமானில் பாவிக்கக் கூடாது. இந்த ஒரு நிமிடத்தை மிச்சம் பிடிப்பதற்காகத்தான் வாடிக்கையாளரின் புது ரீவிச் சட்டங்கள் வெள்ளை பூத்துப் போகின்றன.

ஐபிஏ: எது உண்மையானது, எது போதுமானது

கடையில் 70 வீதமும் 99 வீதமும் ஒரேமாதிரிப் போத்தலில் நிற்கும். கை துடைக்க 70 வீதம் சிறந்தது. போட் கழுவ 99 வீதம் வேண்டும். 70 வீதத்தில் பத்தில் மூன்று பங்கு தண்ணீர். அல்கஹோல் முதலில் பறந்துவிட, தண்ணீர் ஐசி எனப்படும் சிப்புகளின் அடியில் தங்கும். அதைவிட, பிளக்ஸை அரைகுறையாகக் கரைத்து வெள்ளைப் பவுடர் போல விட்டுச்செல்வதும் இதுதான். ரீவிச் சட்டம், கீபோட், றிமோட்டின் வெளிப்புறம் துடைக்க 70 வீதமே தாராளம், விலையும் குறைவு.

லேபிளில் 99 என்று அச்சடித்திருந்தாலும் உள்ளே வேறாக இருக்கலாம். சோதிக்க ஒரு தராசு போதும். ஊசி போடும் பெரிய சிரிஞ்சால் 100 மில்லிலீற்றர் அளந்து, பாத்திரத்தின் நிறையைக் கழித்து நிறுத்துப் பாருங்கள். நம் பகல் வெப்பத்தில் தூய ஐபிஏ 78 கிராம் அளவில் நிற்கும், 70 வீதம் 87 கிராமைத் தொடும். இடையில் எது வந்தாலும் தண்ணீர் கலந்திருக்கிறது. இந்தச் சோதனை தண்ணீரை மட்டுமே காட்டும். எதனோல், மெதனோல், அசிட்டோன் மூன்றும் ஏறக்குறைய அதே நிறைதான் என்பதால் அவை கலந்திருந்தால் தராசுக்குத் தெரியாது. அசிட்டோனைக் கண்டுபிடிக்க, அடியில் முக்கோணத்துக்குள் 6 என்று அச்சிட்ட பொலிஸ்ரைரீன் யோகட் கப் ஒன்றை எடுத்து இரண்டு துளி விடுங்கள். அசிட்டோன் கணிசமாகக் கலந்திருந்தால் கப் இளகும். தனி ஐபிஏக்கு அது அசையாது.

இன்னொரு சோதனை கண்ணாடிச் சோதனை. சுத்தமான முகம்பார்க்கும் கண்ணாடியில் ஒரு துளி விட்டு முழுதாகக் காய விடுங்கள். வளையமோ எண்ணெய்ப் பூச்சோ தெரிந்தால் அதே பூச்சுத்தான் உங்கள் போட்டிலும் தங்கும். எந்தத் திரவத்தை வாங்கினாலும் இதைச் செய்து பார்ப்பது நல்லது.

70 வீதத்துக்குள் உப்புப் போட்டுத் தண்ணீரைப் பிரித்தெடுக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். பிரியும் என்பது உண்மை, மேலே அல்கஹோல் அடுக்காக நிற்கும். ஆனால் மேலடுக்கிலும் தண்ணீரும் கொஞ்ச உப்பும் மிஞ்சும். போட்டில் இருந்து அகற்றவேண்டிய பொருளையே போட்டில் பூசுவது இது.

99 வீதம் காற்றின் ஈரத்தை இழுக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மூடி திறந்தபடி மேசையில் நிற்கும் போத்தல் நாளுக்கு நாள் பலம் குறைந்துகொண்டே போகும். பெரிய போத்தலைப் பூட்டி வைத்து, 100 மில்லிலீற்றர் அளவில் சிறிய போத்தலுக்கு மாற்றிப் பாவியுங்கள்.

ஐபிஏ எதில் தோற்கும்? உப்பில் தோற்கும். காய்ந்து பழுத்த ரேப் பசையை மெல்ல இளக்குமே தவிர எடுக்காது. சிலிக்கோன் அதற்கு அசையவே அசையாது. அக்ரிலிக் கண்ணாடியை, முக்கியமாகத் திருகாணி இறுக்கிய ஓரங்களில், மயிரிழை வெடிப்பாக்கும். ஈரம் படாமல் போட்டின் மேல் பூசப்பட்டிருக்கும் அக்ரிலிக் வார்னிஷ் வகையை நீண்ட நேரம் ஊறினால் இளக்கிவிடும். கழுவிய பிறகு அந்தப் பூச்சைத் திரும்ப அடிக்க வேண்டி வரும். உருக்கி ஒட்டும் சூட்டுப் பசையில் மட்டும் அது ஒரு அற்புதம் செய்யும். கட்டியான சூட்டுப் பசையின் ஓரத்தில் இரண்டு துளி 99 வீதம் விட்டு அரை நிமிடம் பொறுத்தால், பசை கரையாமலே பிடியை விட்டுக் கழன்று வரும். கத்தி தேவையில்லை.

அல்கஹோல் என்ற பெயரில் வரும் மற்றவை

பாமசியில் விற்கும் சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டில், தோல் காயாமல் இருக்க ஆமணக்கெண்ணெய் போன்றவை சேர்ப்பதுண்டு. கண்ணாடிச் சோதனையில் இது உடனே பிடிபடும். போட்டுக்கு ஆகாது. கை சுத்திகரிப்பு ஜெல்லில் கெட்டிப்படுத்தும் பொருளும் கிளிசரினும் இருக்கும்; றிமோட் பொத்தான்களுக்குள் போனால் பிசுபிசுப்புக் கூடும், குறையாது. நிறம் போட்ட மெதிலேற்றட் ஸ்பிரிட் பிளக்ஸைக் கரைக்கும், ஆனால் அதில் மெதனோல் இருக்கிறது. மெதனோல் தோலாலும் மூச்சாலும் உடலுக்குள் போகும், குடித்தால் கண்பார்வையையும் உயிரையும் பறிக்கும். ஐபிஏ கிடைக்கும்போது அதை மேசைக்குக் கொண்டுவர வேண்டாம்.

அசிட்டோனும் தின்னரும்

அசிட்டோன் 56 பாகை செல்சியஸில் கொதிப்பது, படலம் விடாதது, பலமானது. செப்பு, இரும்பு, கண்ணாடி, செராமிக் ஆகியவற்றில் துணிந்து பாவிக்கலாம். சூப்பர் குளூவைக் கரைக்க இதைவிட நல்லது வீட்டுப் பாவனையில் இல்லை. ஆனால் ஏபிஎஸ், பொலிஸ்ரைரீன், அக்ரிலிக், பொலிகாபனேற் எல்லாவற்றையும் இது தாக்கும். போட்டில் இருக்கும் பிளாஸ்ரிக் கனெக்டர்கள், பாகங்களின் மேல் அச்சிட்ட எண்கள், றிமோட்டின் றப்பர்த் தட்டில் இருக்கும் கரிப் பொட்டு எதுவும் அதற்குத் தப்பாது. கரிப் பொட்டு ஒருமுறை கழன்றால் அந்தப் பொத்தான் இனி வேலை செய்யாது.

அசிட்டோனின் இன்னொரு தீமை பலருக்குத் தெரியாது. அது மிக வேகமாகப் பறப்பதால் போட் சட்டென்று குளிரும். மாரிக்கால ஈரக் காற்றில் அந்தக் குளிர்ந்த பரப்பில் நீர்த்துளி படியும். கழுவி முடித்த போட்டில் தெரியும் வெள்ளை மூட்டத்துக்கு அது ஒரு காரணம். நகப்பூச்சு நீக்கியை அசிட்டோனுக்குப் பதிலாகப் பாவிக்கவும் வேண்டாம், அதில் எண்ணெயும் வாசனையும் இருக்கும். அசிட்டோன் இல்லாதது என்று எழுதியிருப்பதில் பெரும்பாலும் எதைல் அசிற்றேற் இருக்கும். அதுவும் ஏபிஎஸ்ஸை இளக்கும்.

தின்னரைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. பெயின்ற் கடைத் தின்னர் தொலுயீன், அசிற்றேற் வகைகள், கீற்றோன்கள், சிலவேளை மெதனோல் எல்லாம் கலந்த கலவை. தொகுதிக்குத் தொகுதி கலவை மாறும். இன்று ஒரு பிளாஸ்ரிக்கை ஒன்றும் செய்யாதது அடுத்த தகரத்தில் அதே பிளாஸ்ரிக்கை உருக்கும். தொலுயீன் ஆவி தலைச்சுற்றைத் தரும், நெடுநாள் மூச்சில் போனால் நரம்பைக் கெடுக்கும். மூடிய கடைக்குள் நாள் முழுக்க அதோடு இருக்கும் பொடியனை நினைத்தாவது அதை நிறுத்த வேண்டும். காபரேற்றர் கிளீனர், பிரேக் கிளீனர் ஸ்பிரேக்களும் இதே குடும்பம். குளோரின் சேர்ந்த பிரேக் கிளீனர் அடித்த இடம் காயாமல் அதில் வெல்டிங் வைத்தால் பொஸ்ஜீன் என்ற கொடிய நச்சு வாயு உண்டாகும்.

பெற்றோலும் மண்ணெண்ணெயும்

பெற்றோல் பிளக்ஸை முழுதாக எடுப்பதில்லை, பரப்பிவிடுகிறது. அதில் இருக்கும் சேர்மானப் பொருட்கள் காய்ந்தபின் போட்டில் தங்கும். சிறிதளவு பென்சீன் உண்டு, அது இரத்தப் புற்றுநோயோடு தொடர்புள்ளது என்பது நிறுவப்பட்ட விடயம். எல்லாவற்றையும் விட நெருப்பு. பெற்றோலின் ஆவி பூச்சியத்துக்குக் கீழே 43 பாகையிலேயே தீப்பிடிக்கக் கூடியது. அசிட்டோனுக்கு இது பூச்சியத்துக்குக் கீழே 20 பாகையளவு, ஐபிஏக்கு 12 பாகை. ஆக வன்னி வெயிலில் மூன்றுமே எப்போதும் தீப்பிடிக்கும் நிலையில்தான் இருக்கின்றன, ஐபிஏ பாதுகாப்பானது என்று எண்ணி அசட்டையாக இருக்கக் கூடாது. ஆனால் பெற்றோல் அதைவிடப் பல மடங்கு வேகமாக ஆவியைப் பரப்பும். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. மேசையில் இருந்து வழிந்து நிலத்தோடு ஓடி, பக்கத்தில் இருக்கும் சோல்டரிங் அயனையோ அடுத்த அறை அடுப்பையோ தொட்டுத் திரும்பி வரும்.

மண்ணெண்ணெயின் எரிபற்று நிலை 38 பாகைக்கு மேல். சித்திரை, வைகாசிப் பகலில் தகரக் கூரையின் கீழ் அந்த வெப்பம் வந்துவிடும். அது எண்ணெய்ப் படலம் விடும், அந்தப் படலத்தில் கிரவல் றோட்டுத் தூசி முழுக்க வந்து ஒட்டும். மோட்டர் சைக்கிள் சங்கிலிக்கு நல்லது. போட்டுக்கு வேண்டாம்.

ஒட்டுப் பசைக்கு எது?

இங்கேதான் ஐபிஏ கைவிடும், ஆட்கள் தின்னரைத் தேடுவார்கள். முதலில் சூடு. தலைமயிர் காயவைக்கும் கருவியால் ஸ்ரிக்கரை அரை நிமிடம் சூடாக்கி, ஓரத்தில் இருந்து தட்டையாக, மெதுவாக இழுத்தால் பசையில் பெரும்பகுதி ஸ்ரிக்கரோடு வந்துவிடும். சூட்டுக் கருவி இல்லாவிட்டால் பத்து நிமிடம் வெயிலில் வைத்தாலும் போதும். வேகமாக இழுத்தால் கடதாசி கிழியும், பசை தங்கும்.

தங்கிய பசைக்கு வீட்டில் இருப்பது தேங்காய் எண்ணெய். பசை மூடும்படி பூசி 20 நிமிடம் விடுங்கள். றப்பர் வகைப் பசை ஊதி, விரலால் உருட்ட வரும். பிறகு சவர்க்காரத் தண்ணீரில் பிழிந்த துணி, கடைசியில் ஐபிஏ. பெரும்பாலான பிளாஸ்ரிக்குகளுக்குக் கேடில்லை, நெருப்பு அபாயம் இல்லை, சின்னப் பிள்ளை இருக்கும் வீட்டிலும் செய்யலாம். மெதுவானது என்பது மட்டுமே குறை. திறப்புகள், ஓட்டைகள், ஸ்பீக்கர் வலைக்கு அருகே எண்ணெய் வேண்டாம். உள்ளே போனால் எடுக்க முடியாது.

யூக்கலிப்டஸ் தைலம் இன்னும் பலமாகப் பசையைக் கரைக்கும், இரண்டு துளி போதும். பொலிஸ்ரைரீனை இளக்கும் என்பதால் துளிச் சோதனை கட்டாயம். தோடம்பழத் தோல் எண்ணெய் சேர்ந்த பசை நீக்கிகளும் இதே குணம் கொண்டவை.

கடைக்காரர்களுக்கு நாம் சிபாரிசு செய்வது லைட்டருக்கு ஊற்றும் திரவம், அதாவது நப்தா. ஏபிஎஸ், பொலிகாபனேற், அக்ரிலிக் எல்லாவற்றுக்கும் தின்னரைவிட மிக மென்மையானது, படலம் விடாது, ரேப் பசையையும் ஸ்ரிக்கர்ப் பசையையும் நிமிடத்தில் எடுக்கும். பொலிஸ்ரைரீனில் மட்டும் கவனம். பெற்றோலின் தூய உறவு என்று இதை எண்ணலாம். நெருப்பு அபாயமும் பெற்றோலைப் போலவே. துணியில் நாலைந்து துளிக்கு மேல் தேவையில்லை, போத்தலைச் சாமானின் மேல் கவிழ்க்க வேண்டாம்.

டபிள்யூடி-40 பசையை எடுக்கும், அது உண்மை. 1953ல் அமெரிக்காவின் சான் டியேகோவில் உலோகத்தில் இருந்து ஈரத்தை விரட்டுவதற்காக உருவாக்கப்பட்ட அந்தத் திரவத்தில் பெற்றோலியக் கரைப்பானோடு எண்ணெயும் உண்டு. வெளிச் சட்டத்தில் பாவித்துச் சவர்க்காரத்தால் கழுவுங்கள். சுவிட்சுக்கோ ரேடியோவின் வொலியூமுக்கோ அடித்தால் முதல் வாரம் நன்றாக இருக்கும், பிறகு எண்ணெயில் தூசி சேர்ந்து முன்னைவிடக் கரகரக்கும். அதற்கு வேண்டியது மின்தொடுகைகளைத் துடைக்கும் கொன்டாக்ட் கிளீனர். அதை வாங்கும்போது லேபிளைப் படியுங்கள்: வொலியூமுக்கு மசகு சேர்ந்தது, கனெக்டருக்கு மசகு இல்லாதது. நோர்மல் ஹெக்சேன் என்று எழுதியிருந்தால் காற்றோட்டம் இல்லாத அறையில் பாவிக்கவே கூடாது. நெடுநாள் அதைச் சுவாசிப்பவர்களுக்குக் கை கால் விறைத்து நரம்பு பலவீனப்படும்.

பசையே இல்லாமல் பிசுபிசுக்கும் சாமான்களும் உண்டு. மிருதுவான றப்பர் பூச்சுப் பூசிய ரேடியோ, ரோச், துளையிடும் மெஷின் கைப்பிடி எல்லாம் சில வருடங்களில் கையில் ஒட்டத் தொடங்கும். அது அழுக்கல்ல, பூச்சே வெப்பத்திலும் ஈரத்திலும் சிதைந்துவிட்டது. துடைத்துத் திருத்த முடியாது, பூச்சை முழுதாக எடுக்கத்தான் வேண்டும். ஐபிஏ நனைத்த துணியால் தேய்த்து, அழுத்தமான இடங்களில் அப்பச்சோடாவைத் தண்ணீரில் குழைத்துப் பூசி உரசினால் கறுப்பாகக் கழன்று வரும். மேலே அச்சிட்ட எழுத்துகளும் அதோடு போய்விடும் என்பதை உரிமையாளரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்.

பழைய இன்வேட்டர், ரீவி போட்டுகளில் மின்னைச் சேமிக்கும் பெரிய கப்பாசிற்றர்களைப் பிடிக்க ஊற்றிய மண்ணிறப் பசை வேறு விதம். சூட்டில் கருகினால் அது மின்னைக் கடத்தும், கம்பிக் கால்களை அரிக்கும். மூங்கில் குச்சியால் சுரண்டி எடுப்பதே முதல் வழி. மிச்சத்துக்கு மட்டும் பஞ்சுக் குச்சி நுனியில் அசிட்டோன். சிலிக்கோனுக்கும் சுரண்டல்தான். அதை எந்த வீட்டுக் கரைப்பானும் கரைக்காது.

தண்ணீரும் ஒரு கரைப்பான்

போட்டைத் தண்ணீரில் கழுவுவதா என்று பயப்படுவோர் பலர். மின்சாரம் இல்லாத, பற்றரி கழற்றிய போட்டைத் தண்ணீர் கெடுக்காது. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பும், முழுதாகக் காயாமல் மின் கொடுப்பதும்தான் கெடுக்கும். நம் கிணற்றுத் தண்ணீர் கேத்திலின் அடியில் வெள்ளைப் படிவு விடுவதைப் பார்த்தாலே போதும், அது கடைசிக் கழுவலுக்கு ஆகாது. பற்றரிக்கு ஊற்றும் வடித்த தண்ணீரை வாங்குங்கள். அதே தட்டில் அசிட் போத்தலும் நிற்கும், ஒன்றுக்குப் பதில் மற்றதை எடுத்துவிடாதீர்கள். முதற் கழுவலுக்கு, மழை சில நாள் பெய்த பிறகு கூரையில் இருந்து பிடித்து வடிகட்டிய மழைத்தண்ணீரும் உதவும்.

பற்றரி கசிவில் எந்த வகைப் பற்றரி என்று பாருங்கள். அல்கலைன் என்று எழுதியிருந்தால் கசிவு காரம். வினாகிரியும் தண்ணீரும் சம பங்கு, அல்லது வடித்த தேசிக்காய்ப் புளி, பஞ்சுக் குச்சியால் தொட்டு நுரைப்பது நிற்கும்வரை. மலிவான சாதாரண காபன் பற்றரியின் கசிவும் சோலர் ஈய பற்றரியின் கசிவும் அமிலம்; அதற்கு ஒரு கோப்பைத் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி அப்பச்சோடா. இரண்டுக்கும் பிறகு வடித்த தண்ணீர், பிறகு ஐபிஏ. வினாகிரியோடு நிறுத்திவிட்டால் அந்த அமிலமே கம்பியை அரிக்கும்.

ஒரு போட்டை முழுதாகக் கழுவும் முறை

யானை வேலிக்கு மின் கொடுக்கும் பெட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதற்குள் பல்லி எச்சம், எறும்புக் கூடு, தூசி, பழைய பிளக்ஸ் எல்லாம் ஒன்றாக இருக்கும். மின்னையும் பற்றரியையும் கழற்றுங்கள். பெரிய கப்பாசிற்றரில் மின் தங்கியிருக்கும்; 230 வோல்ற்றில் நேரடியாக ஓடும் பவர் சப்ளையில்கூட அது 325 வோல்ற்வரை நிற்கும். 2.2 கிலோ ஓம், 10 வாற் மின்தடையை நன்றாகக் காவலிட்ட கம்பியால் கப்பாசிற்றரின் இரண்டு கால்களோடும் இணைத்து பத்து விநாடி பிடியுங்கள். மீற்றரில் 10 வோல்ற்றுக்குக் கீழே வந்ததைக் கண்ட பிறகே கை வைக்கலாம். ஸ்குரூ டிரைவரால் இரண்டு கால்களையும் நேராகக் குறுக்கிட வேண்டாம்.

காய்ந்த தூசியையும் கூட்டையும் பிரஷால் தட்டி எடுங்கள். ஒரு லீற்றர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி பாத்திரம் கழுவும் திரவம் கலந்து, மென்மையான பல் பிரஷால் எச்சம் இருக்கும் இடங்களைக் கழுவுங்கள். ரிலே மூடி திறந்ததாக இருந்தால், ஒலிப்பான், டிஸ்பிளே, மைக் இருந்தால் அவற்றில் திரவம் படக் கூடாது. கழற்ற முடியாவிட்டால் சுற்றிப் பஞ்சால் துடைப்பதோடு நிறுத்துங்கள். இரண்டு தரம் வடித்த தண்ணீரில் அலசுங்கள். தண்ணீரை உதறிவிட்டு, உள்ளங்கை அளவு போட்டுக்கு 10 முதல் 15 மில்லிலீற்றர் 99 வீத ஐபிஏ ஊற்றி, போட்டைச் சாய்த்துப் பிடித்து மேலிருந்து கீழாகப் பிரஷ் பண்ணுங்கள். அழுக்கேறிய திரவம் காயுமுன் ரிஷூவை வைத்து ஒற்றி எடுக்க வேண்டும். இதைத் தவறவிட்டால்தான் பிளக்ஸ் மெல்லிய படலமாகப் பரவி வெள்ளையாகக் காயும். பிறகு புதிய ஐபிஏயால் இன்னொரு தரம்.

காத்தாடியின் முன் நிழலில் ஒரு நாள் முழுக்க வையுங்கள். ட்ரான்ஸ்போமரும் ஐசியின் அடியும் கடைசியாகத்தான் காயும். ஐபிஏ மட்டும் பாவித்த போட்டுக்கு மூன்று, நான்கு மணி நேரம் போதும். ஈரம் இருக்கும்போதே ஹெயார் டிரையரைப் பிடிக்காதீர்கள், ஆவி தீப்பிடிக்கும்.

திரைகளுக்கு இந்த முறை எதுவும் பொருந்தாது. ரீவி, மடிக்கணினித் திரைகளின் ஓரத்தில் திரவம் இறங்கினால் அடுக்குகளுக்குள் புகுந்து நிரந்தரத் தடமாகிவிடும். வடித்த தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த மைக்ரோபைபர் துணி மட்டும். அமோனியா சேர்ந்த கண்ணாடி கிளீனர் வேண்டாம். சோலர்ப் பனல்களுக்கும் சவர்க்காரத் தண்ணீர் தவிர வேறொன்றும் தேவையில்லை. காலையில், கண்ணாடி சூடேறுமுன் கழுவுங்கள்.

நெருப்பு, மூச்சு, கிணறு

மேசையில் ஒரு நேரத்தில் 100 மில்லிலீற்றருக்கு மேல் எந்தக் கரைப்பானும் நிற்கக் கூடாது. சோல்டரிங் அயனை அணைத்து ஆறவிட்ட பிறகே போத்தலைத் திறவுங்கள். எதிரெதிரான இரண்டு யன்னல்கள் திறந்திருக்க வேண்டும், ஆவி நிலத்தோடு ஓடுவதால் கதவும் திறந்திருப்பது நல்லது. நைற்றில் (nitrile) றப்பர்க் கையுறை ஐபிஏக்கும் நப்தாவுக்கும் நிற்கும், அசிட்டோனுக்கு நிமிடங்களே தாங்கும். ப்ளீச்சை அல்கஹோலோடும் அசிட்டோனோடும் சேர்க்கக் கூடாது, நச்சுச் சேர்வைகள் உண்டாகும். ஹைட்ரஜன் பெரொக்சைட்டும் அசிட்டோனும் சேர்ந்தால் வெடிபொருள்.

குளிர்பானப் போத்தலில் எதையும் ஊற்றி வைக்காதீர்கள். தாகத்தில் பிள்ளைகள் எடுத்துக் குடிப்பது அப்படித்தான். யாராவது மண்ணெண்ணெய், நப்தா, தின்னர் குடித்துவிட்டால் வாந்தி எடுக்கச் செய்யக் கூடாது. திரவம் நுரையீரலுக்குள் போவதே அதிக ஆபத்து. அம்புலன்ஸ் இலக்கமான 1990ஐ அழைத்து, போத்தலையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

கழுவிய கரைப்பானைக் கிணற்றடியிலோ வடிகானிலோ ஊற்ற வேண்டாம். கரையோர மணல் நிலத்தில் அது தடையில்லாமல் நிலத்தடி நீருக்கு இறங்கும். நனைந்த துணிகளை வெளியில், நெருப்பில்லாத இடத்தில், கசக்காமல் விரித்துக் காயவிட்ட பிறகே குப்பையில் போடுங்கள். பாவித்த ஐபிஏயை மூடிய கண்ணாடிப் போத்தலில் இரண்டு நாள் வைத்தால் தூசியும் கசடும் அடியில் படியும். மேல்தெளிவை வேறு போத்தலுக்கு மாற்றி, முதற் கழுவலுக்கு மட்டும் என்று எழுதி ஒட்டிவிடுங்கள். அடுத்த போட்டின் முதல் சுற்றுக்கு அது போதும்.